யார் கூரை, யார் பொறுப்பு?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் என்ன சொன்னார்? ‘வாடகைக்கு இருக்கிறவன் ஆணி அடிச்சே சுவரை ஓட்டையாக்கிடுறான், ரிப்பேரை அவன்தான் பார்க்கணும்’ என்றார். ஆணி ஓட்டைக்கு நாங்க சுண்ணாம்பு வைக்கிறோம். கூரையிலே வானம் தெரியுதே, அதுவும் நாங்க அடிச்ச ஆணியா? (சிரிப்பு)

சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 2017-இல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலே பழுதுக்குன்னே ஓர் அட்டவணை. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு குடியிருப்பவர் கணக்கு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் உரிமையாளர் கணக்கு. அவர் செய்யலைன்னா நாமே செய்து வாடகையிலே கழிச்சுக்கலாம். (கைதட்டல்)

கைதட்டாதீங்க ஐயா! நான் இருக்கிறது ஒத்தி வீடு. மொத்தப் பணமும் முதல்லேயே கொடுத்தாச்சு, மாச வாடகையே கிடையாது. எதிலே கழிக்கிறது? அந்தப் பணத்திலே வீட்டுக்காரர் மகள் கல்யாணத்தை முடிச்சுட்டார். தளம் ஒழுகுதுன்னு போய் நின்றால், ‘பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க’ என்கிறார். பணத்தைக் கேட்டால், ‘அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்’ என்கிறார். (சிரிப்பு)

வீடு ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். வேலை பார்க்கிற கட்டடம் குத்தகைக்குப் போனால்? சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12. பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்துபோனாங்க. உரிமம் ஒருத்தர் பேரில். ஆலை குத்தகைக்குப் போய், அங்கிருந்து பல பேருக்கு உள்குத்தகை போயிருந்ததுன்னு பிறகு தெரிய வந்தது. பட்டாசு உரிமத்தை அப்படிக் கைமாற்றவே கூடாது. கூடாதுன்னு தெரிஞ்சேதான் நடக்குது.

எண்ணிப் பாருங்க. உள்குத்தகை அறையிலே ரப்பர் விரிப்பு கிழிஞ்சு தரை தெரியுது. வெளிப்பக்கம் திறக்க வேண்டிய கதவு இறுகிக் கிடக்கு. உரிமக்காரர், ‘நான்தான் விட்டுட்டேனே’ என்பார். எடுத்தவர், ‘தீபாவளி வரைக்கும்தான் எனக்கு, நான் எதுக்குச் செலவழிக்கணும்?’ என்பார். உள்ளே உட்கார்ந்து மருந்து அடைக்கிற அக்கா உரிமையாளரும் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை. எந்த அட்டவணையிலும் அவங்களுக்கு இடமில்லை.

நடுவர் அவர்களே, அந்தக் கதவுக்கு யார் கீல் மாட்டணும்? அதையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லுங்க.