கொக்கான் கல்லும் கணினித் திரையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், மூவர் கொண்ட உபகுழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சென்ற வருடம் தரம் 11 மாணவிகள் சிலர் எமது சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். பாடசாலையில் கணினி விளையாட்டுக் கழகம் ஒன்றை ஆரம்பிக்க நாம் உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். செயற்குழு அதை ஐந்து நிமிடத்தில் நிராகரித்தது. "படிக்கிற பிள்ளைகளுக்கு இது என்ன வேலை?" என்று உரத்துச் சொன்னவர்கள் நாங்கள் மூவரும்தான். அப்போது எமது தலைவி கேட்டார்: "நீங்கள் மூன்று பேரும் ஒரு விளையாட்டையாவது விளையாடிப் பார்த்திருக்கிறீர்களா?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. வாசித்து, விளையாடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று எங்களையே உபகுழுவாக்கிவிட்டார்கள். நாங்கள் கண்டதையே இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

இது ஆண்பிள்ளைகளின் உலகம் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம்தான் முதலில் உடைந்தது. கரோல் ஷோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1978ஆம் ஆண்டில் அற்றாரி நிறுவனத்தில் சேர்ந்து விளையாட்டுகளை உருவாக்கத் தொடங்கியவர். இனி வீட்டு அலங்காரம், நிறப் பொருத்தம் பற்றிய விளையாட்டுகளை இவர் செய்யலாமே என்ற தொனியில் மேலிடத்தில் ஒருவர் பேசியதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் செய்ததோ வேறு. 1982இல் அக்ரிவிஷன் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'ரிவர் ரெய்ட்' விளையாட்டில், ஒரு விமானம் நீண்டு வளைந்து செல்லும் ஆற்றின் மேலே பறக்கிறது. முழு விளையாட்டுக்கும் அவருக்குக் கிடைத்த இடம் 4 கிலோபைற். எமது இந்த உரையைத் தமிழில் தட்டச்சுச் செய்து சேமித்தால் அதுவே அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆற்றின் படத்தைச் சேமிக்க வழியில்லாததால், ஒரு கணக்கு விதியைக் கொண்டு ஆறு தன்னைத் தானே வரைந்துகொண்டு போகும்படி செய்தார் அவர். எங்களில் ஒருவர் முப்பது வருடம் கணிதம் கற்பித்தவர். இதை வாசித்ததும் அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆரம்பத்திலேயே பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்றால், இது ஆண்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி எங்களை 2014ஆம் ஆண்டுக்கு அழைத்துச் சென்றது. அனிதா சர்க்கீசியன் என்பவர் வீடியோ விளையாட்டுகளின் விமர்சகி. இவற்றில் பெண்கள் காப்பாற்றப்பட வேண்டிய பதுமைகளாகவும் அலங்காரப் பொருள்களாகவும் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதைத் தொடர் காணொளிகளில் விளக்கியவர். ஒன்றை விரும்பி ரசித்துக்கொண்டே அதன் குறையையும் சொல்லலாம் என்பது அவரது நிலைப்பாடு. நாவலைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ இப்படி எழுதியிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்கு வந்ததோ கொலை மிரட்டல். அந்த வருடம் ஒக்ரோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்தார். கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று மின்னஞ்சல் வந்தது. அனுமதிப்பத்திரம் உள்ளவர் துப்பாக்கியுடன் மண்டபத்துக்குள் வருவதை அம்மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது. அவர் அந்த உரையை இரத்துச் செய்தார். அதே காலத்தில் விளையாட்டுகளை உருவாக்கும் வேறு பெண்களும் வீட்டை விட்டு வெளியேறும் அளவுக்குத் துன்புறுத்தப்பட்டார்கள்.

அது எங்கோ தூரதேசத்துச் சங்கதி என்று நாங்கள் ஆறுதல் கொண்டிருக்கலாம். ஆனால், கடிதம் எழுதிய மாணவிகளைச் சந்தித்தபோது ஒரு பிள்ளை தன் கைத்தொலைபேசியில் எங்களுக்கு விளையாடிக் காட்டினாள். மற்றவர்கள் எல்லோரும் குரல் கொடுத்துப் பேசிக்கொண்டு விளையாடினார்கள். இவளுடைய ஒலிவாங்கி மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் அவளுடைய பெயரும் ஓர் ஆண்பிள்ளையின் பெயராக இருந்தது. ஏன் என்று கேட்டோம்.

"அன்ரி, நான் கதைச்சால் பெட்டை எண்டு தெரிஞ்சிடும். பிறகு கண்டபடி பேசுவினம்."

அதை அவள் ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிக்க வேண்டும் என்பதுபோல இயல்பாகச் சொன்னாள். அன்று வீடு திரும்பும் வழியில் நாங்கள் மூவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பெண் பிள்ளை எழுந்து நின்று தன் குரலில் பேச வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்ட பாடசாலை இது. அதன் நூறாவது வருடத்தில், எமது பிள்ளை ஒருத்தி விளையாடுவதற்காகத் தன் குரலையும் பெயரையும் ஒளித்து வைக்கிறாள். வீட்டிலும் அவள் இதைப்பற்றிச் சொல்வதில்லை. சொன்னால் கைத்தொலைபேசி பறிபோகும். நாங்கள் "இல்லை" என்று சொன்னதால் அவள் விளையாட்டை நிறுத்தவில்லை. தனியே விளையாடினாள், அவ்வளவுதான்.

பெற்றோரின் பயம் வீண் பயம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் வாழ்க்கையே குலையும் நிலையை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இல் தீர்மானித்தது. ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு 3, 7, 12, 16, 18 என வயது அடையாளம் இடுகிறார்கள். இவற்றை நாம் அறிந்திருந்தால்தான் பிள்ளைகளுடன் பேசலாம்.

நல்லவையும் இருக்கின்றன. அலாஸ்காவின் இனுப்பியாட் பழங்குடி மக்களுடன் சேர்ந்து உருவாக்கி 2014இல் வெளியிடப்பட்ட 'நெவர் அலோன்' என்ற விளையாட்டை மாணவிகள் எங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயலின் காரணத்தைத் தேடிப் போகிறார்கள். கதையை அந்த மக்களின் மொழியிலேயே சொல்லக் கேட்கலாம். நாங்கள் நரியாகி, பத்துத் தடவைக்கு மேல் விழுந்து எழும்பினோம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. சிறியதொரு மக்கள் கூட்டம் தன் பாட்டிமார் கதையை இப்படிப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்க முடியுமென்றால், நாளை எமது பிள்ளைகளும் அதைச் செய்யலாம்.

பழைய மாணவிகளுக்கு ஒரு ஞாபகம் வரலாம். மேசைக்குக் கீழே கொக்கான் வெட்டியதற்காக எங்கள் கற்கள் யன்னலுக்கு வெளியே போயின. பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வாசித்த நாவல்களும் பறிபோயின. ஆனால் ஒரு தமிழ் ரீச்சர் மட்டும் நாவலைத் திருப்பித் தந்து, "வாசி. வாசித்துவிட்டு எது நல்லது, எது கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்றார். வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகை அப்படித்தான் பிறந்தது. தீர்மானிக்கும் பழக்கம் எமக்கு அங்கேதான் வந்தது.

அதே வழியையே நாங்கள் இன்று சிபாரிசு செய்கிறோம். வாரத்தில் ஒரு நாள், பாடசாலை முடிந்தபின், கணினி அறையில் ஓர் ஆசிரியையின் முன்னிலையில் கழகம் கூடட்டும். வயதுக்கு ஏற்றவை மட்டும் விளையாடப்படட்டும். பணம் செலவழிக்கும் விளையாட்டுகள் வேண்டாம். ஒவ்வொரு தவணையிலும் ஒவ்வொரு மாணவியும் ஒரு விளையாட்டைப் பற்றித் தமிழில் ஒரு பக்க விமர்சனம் எழுதி, அறிவித்தல் பலகையில் தன் சொந்தப் பெயருடன் ஒட்ட வேண்டும். அதை வாசிக்கப் பழைய மாணவிகளாகிய நாம் வர வேண்டும். இது எங்கள் கடைசி நிபந்தனை, எமக்கான நிபந்தனையும்கூட.

சென்ற வருடம் "வேண்டாம்" என்ற மூவரும் இன்று இந்தக் கோரிக்கையை முன்மொழிகிறோம். வழிமொழிய உங்களில் ஒருவர் கை உயர்த்துவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். ஒலிவாங்கியை நிறுத்திவைத்த அந்தப் பிள்ளை பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.