மனநோய் மருத்துவமும் கைப்பேசிக் குறிப்பும்

மாணவ நண்பர்களே, புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய்க்கு மனச்சிதைவு நோய். மருந்து உண்டு வருகிறார். வயல் வேலைக்கும் போகிறார். மாதம் ஒருமுறை மருத்துவரைக் காண்கிறார். "இந்த மாதம் எப்படி இருந்தீர்கள், அம்மா?" என்று மருத்துவர் கேட்கிறார். "நல்லாத்தான் இருந்தேன்" என்பது விடை. முப்பது நாள்களின் வரலாறு இரண்டே சொற்களில் முடிந்துவிடுகிறது. இடையில் மூன்று இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. ஒரு வாரம் மாத்திரை உண்ணவில்லை. அவை அவர் நினைவுக்கு வரவில்லை.

மனநோய் மருத்துவத்தின் பழைய இடர்ப்பாடு இது. காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரையை இரத்தத்தில் காணலாம். மனத்தின் நிலையை அறிவதற்கோ நோயாளியின் சொல்லும் வீட்டாரின் சொல்லுமே பெரும்பாலும் துணை. இந்நோய் மீண்டும் தலைதூக்குமுன் உறக்கம் குறைதல், பிறரிடம் பேசாது ஒதுங்குதல் போன்ற அறிகுறிகள் பல வேளைகளில் முன்னரே தோன்றும். அவற்றை அன்றன்றே குறித்துவைத்தால் என்ன? இவ்வெண்ணத்தின் பயனாகவே சிகிச்சையைத் தொடர்ந்து குறிக்கும் கைப்பேசிச் செயலிகள் தோன்றின. உறக்கத்தையும் மருந்தையும் நோயாளி தொட்டுக் குறிக்கிறார். நடமாட்டத்தைக் கைப்பேசியே பதிந்துகொள்கிறது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனமும், போபாலில் சங்காத் அமைப்பும், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றும் சேர்ந்து மனச்சிதைவு நோயாளரிடையே இம்முறையை ஆராய்ந்துள்ளன.

மருத்துவர்கள் இதனை விரும்புகிறார்களா? விரும்பவும் செய்கிறார்கள், அஞ்சவும் செய்கிறார்கள். மறந்துபோன அந்த மூன்று இரவுகள் கண்முன் வருமானால் எந்த மருத்துவர்தாம் வேண்டாமென்பார்? ஆனால் மனச்சோர்வை அளக்க உலகெங்கும் வழங்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றுண்டு. பல செயலிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றிய எண்ணம் வந்ததுண்டா என்பது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அதற்கு 'ஆம்' என்று குறிக்கிறார். அதை யார் பார்ப்பது? மருத்துவர் உறங்கிக்கொண்டிருப்பார். குறித்தவரோ, தம் குரல் ஒருவர் செவியில் விழுந்துவிட்டதென்று நம்பிக் காத்திருப்பார். மருத்துவர்களின் அச்சங்களுள் இதனையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

இன்னொன்று, உங்களைப் பற்றியது. நாம் கற்பனை செய்த வீட்டில் கைப்பேசி தாயுடையதன்று. கல்லூரியில் படிக்கும் மகனுடையது. தாய்க்காக அவனே விடைகளைக் குறிக்கிறான். விளக்கணைத்துப் படுத்தாரே என்று 'நன்றாக உறங்கினார்' எனப் பதிகிறான். அவர் விடியுமட்டும் கூரையைப் பார்த்துக் கிடந்தது அவனுக்குத் தெரியாது. மருத்துவருக்குக் கிடைப்பது தாயின் நிலையன்று, மகனின் ஊகம். மறதியைவிடத் தவறான பதிவு தீமை மிகுந்தது. அது உறுதியான செய்திபோல் தோற்றமளிக்கும் அல்லவா?

தம்மை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்னும் அச்சமே நோயாக உடையவரிடம், "உங்கள் நடமாட்டத்தை இக்கருவி குறித்துக்கொள்ளும்" என்று எவ்வாறு சொல்வது? சொல்லாமல் செய்வதோ அறமன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளைக் காக்கும் உரிமையை அவருக்கு அளித்திருக்கிறது. எனினும் திண்ணையில் கிடக்கும் கைப்பேசியில் "மாத்திரை நேரம்" என்ற எழுத்து மின்னினால், பெண் பார்க்க வந்த வீட்டார் கண்ணில் படாமற் போகுமா?

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதற்கொரு முன்னோடி உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம், 2010இல் இம்மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியது. பேருந்துக்குள் ஒரு சிறு அறை, அறையில் திரை. நோயாளி அதன்முன் அமர, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையிலிருந்து மனநல மருத்துவர் முகம் பார்த்துப் பேசினார். அவர் எழுதிய மருந்து அப்பேருந்திலேயே கொடுக்கப்பட்டது. அவ்வட்டாரப் பணியாளர்கள் நோயாளரின் வீடுகளுக்குச் சென்று நலம் கேட்டுவந்தனர். கருவி பெரிதுதான். ஆயினும் வீட்டு வாசலில் நின்று, "நேற்று உறங்கினீர்களா அம்மா?" என்று கேட்டு, விடையோடு கண்ணின் சிவப்பையும் பார்த்துச் சென்றவர் இல்லாமல் அக்கருவி என்ன செய்திருக்கும்?

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்காக இத்தகைய செயலியை வைத்துக்கொள்ளுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: இதை யார் படிப்பார், எப்பொழுது படிப்பார், அவசரமானால் யாரை அழைப்பது? நள்ளிரவில் உதவி வேண்டுமானால் செயலிக்குக் காத்திராதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.