கண்டியிலிருந்து புதுக்கடைக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



மேடையில் மூன்று பேர் நிற்கிறோம், உரை ஒன்றுதான். யார் வாசிப்பது என்று நேற்றிரவு வரை வாக்குவாதம். மூன்று சட்டத்தரணிகளை ஒரு விஷயத்தில் உடன்பட வைப்பது லேசான காரியமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியில் குரல் பெரியவள் வாசிப்பது, மற்ற இருவரும் பிழை திருத்துவது என்று முடிவாயிற்று.

1997இல் இந்தக் கல்லூரியின் பழைய மாணவியர் நான்கு பேர் இலங்கைச் சட்டக் கல்லூரிக்குத் தெரிவானோம். ஒருத்தி கட்டுக்கலை, ஒருத்தி கம்பளை, ஒருத்தி மாத்தளை, ஒருத்தி கலஹாப் பக்கத்துத் தோட்டம். நான்கு பேரும் தமிழ்மொழி மூலம். நுழைவுப் பரீட்சை முடிவு வந்த அன்று இந்த மண்டபத்து வாசலில் நின்று அழுதோம். சந்தோஷத்தில்தான். கொழும்பில் எங்கே தங்குவது என்ற யோசனை மறுநாள்தான் வந்தது.

அந்தக் காலத்தை இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்திருந்தது. கொழும்பில் தமிழ்ப் பெண்பிள்ளைக்கு அறை கொடுப்பவர்கள் முதலில் கேட்டது வாடகையை இல்லை, பொலிஸ் பதிவை. பதிவு செய்யப் போனால் தங்கும் முகவரி எங்கே என்று கேட்பார்கள். முகவரிக்கு அறை வேண்டும், அறைக்குப் பதிவு வேண்டும். இரண்டு வாரம் அலைந்தோம். ஒரு வீட்டுக்கார அம்மா நல்லவர், தேத்தண்ணீர் கொடுத்தே அனுப்பினார். "பிள்ளைகள், எனக்கு உங்களில் ஒன்றுமில்லை, இரவில் கதவு தட்டுவார்களே, அதுதான்" என்றார். அவரை இன்றும் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே போய்வருவது என்று தீர்மானித்தோம். போகவர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர். வீடுகளில் யாரும் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கட்டுக்கலை அம்மா மட்டும், "ஒரு மாதம் பார்ப்பம்" என்றார். அந்த ஒரு மாதம் மூன்று வருஷமாயிற்று.

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதே வருஷம்தான் கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். எங்கள் பாட்டன், பாட்டியின் உழைப்பைக் கீழே இறக்குவதற்குப் பயன்பட்ட தண்டவாளத்தில் நாங்கள் சட்டம் படிக்கப் போனோம். இப்படிப் பெரிதாக நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. அப்போது யோசித்ததெல்லாம் இருக்கை கிடைக்குமா என்பதுதான்.

இன்னொரு சங்கடம் கடிகாரம். 1996இல் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தது. எங்கள் படிப்புக்காலம் முழுவதும் கடிகாரம் சூரியனைவிட அரை மணி முந்தி ஓடியது. ஐந்து மணி என்று எழும்பினால் உண்மையில் நாலரை. மாத்தளைக்காரி முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். கம்பளைக்காரி பேராதனையில் ஏறுவாள், அவளுக்காகக் கைக்குட்டை போட்டு இடம்பிடித்து வைப்போம். கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்காரும் ஆட்களும் இருந்தார்கள். கலஹாக்காரிக்கு அந்த நேரத்துக்குப் பஸ்ஸே இல்லை. வார நாள்களில் கட்டுக்கலை வீட்டிலேயே படுத்துக்கொள்வாள்.

கடுகண்ணாவை தாண்டியதும் ரயில் இறங்கத் தொடங்கும். 44 அடிக்கு 1 அடி சரிவு. பலன, இஹலகோட்டே என்று றம்புக்கனை வரை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவில் சுரங்கங்கள். அந்தச் சுரங்கங்களில்தான் நாங்கள் பாடம் கேட்போம். இருட்டுக்குள் போகும்போது ஒருத்தி கேள்வி போடுவாள், வெளிச்சம் வருமுன் மற்றவள் பதில் சொல்ல வேண்டும். குறிப்புக் கொப்பியைப் பார்க்க வழியில்லாத பரீட்சை. தவறினால் அன்றைய இடியப்பப் பார்சலில் பாதி போய்விடும். கலஹாக்காரி தன் பார்சலை ஒருநாளும் இழந்ததில்லை.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவை அப்படித்தான் மனனம் செய்தோம். பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அடுத்த சுரங்கத்தில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், பிரிவு 16. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் ஏற்கப்படும். விதியையும் விதிவிலக்கையும் அடுத்தடுத்த சுரங்கங்களில் படித்துவிட்டு, மருதானையில் இறங்கி, சாவடியில் அடையாள அட்டையை நீட்டுவோம். பிறகு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் திறக்கும் சத்தத்துக்கு ஊடாகப் புதுக்கடைக்கு நடை.

சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கியது. பெண்கள் இந்நாட்டில் சட்டத்தொழில் செய்யலாம் என்று கட்டளைச் சட்டம் வந்தது 1933இல்தான். இடையில் கிட்டத்தட்ட 60 வருஷம். எங்கள் வகுப்பில் பெண்கள் நிறைய இருந்தார்கள், ஆனால் கழிவறை மட்டும் அந்த 60 வருஷத்தை நினைவூட்டியது. அதைப்பற்றி இதற்குமேல் சொல்லவில்லை.

படிப்பில் எங்களுக்குப் பிடித்தது தனியார் சட்டங்கள். கண்டியச் சட்டத்தில் தீக விவாகம், பின்ன விவாகம் என்று இரண்டு உண்டு. பின்னவில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கம்பளைக்காரியின் அப்பம்மா இதைக் கேட்டுவிட்டு, "உனக்கு அதுதான் சரி" என்றார். ஆனால் அந்தச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு. தேசவழமை யாழ்ப்பாணத்தவருக்கு. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம். மலையகத் தமிழருக்கு என்ன என்று விரிவுரையில் கேட்டோம். பொதுச் சட்டம், அதாவது ரோமன் டச்சு. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த மலையில் இருக்கிறோம், எங்கள் சொத்துக்கு ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்டம். சொத்து இருந்தால்தானே என்றாள் கலஹாக்காரி.

1998 ஜனவரி 25, ஞாயிறு, தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அந்தச் சத்தத்தைக் கட்டுக்கலை வீட்டில் கேட்டோம். அடுத்து வந்த நாள்களில் ரயிலில் தமிழ் பேசாமல் போனோம். சுரங்கத்தில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. வழமையாக எங்களுக்கு இடம் விட்டுக்கொடுக்கும் சிங்கள நோனா ஒருவர், கைப்பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்து நான்கு பேருக்கும் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் பெயர் எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருஷம் ஒரு மாலை, திரும்பும் ரயில் வழியில் மணிக்கணக்காக நின்றது. கண்டிக்கு வந்தபோது நடுநிசி நெருங்கிவிட்டது. ஒரு சாவடியில் மற்ற மூன்று பேரையும் விட்டார்கள். கலஹாக்காரியை நிறுத்தினார்கள். அவளுடைய அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் இருந்தன, வீட்டு இலக்கம் இல்லை. லயத்துக்கு ஏது இலக்கம்? எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. விடியும்வரை நிலையத்து வாங்கில் இருந்தாள். நாங்களும் போகாமல் வெளியே இருந்தோம். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. காலையில் அவளுடைய அப்பா வந்தார், தோட்டத்துரையின் கடிதத்தோடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பி வரவில்லை.

நாங்கள் குறிப்புகளை அனுப்பினோம். பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பினாள். அதில் எங்களுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபம் பிழை என்று விளங்க எங்களுக்குப் பல வருஷம் பிடித்தது. நால்வரில் சட்டம் நன்றாக ஓடியது அவளுக்குத்தான்.

2000இல் நாங்கள் மூவரும் வெள்ளைச் சேலையும் கறுப்புக் கோட்டுமாக உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தோம். பிறகு மலைக்கே திரும்பினோம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி விளங்காத ஒருவருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை இருக்கிறது என்கிறது. எழுத்தில் அழகாக இருக்கிறது. நடப்பில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வழக்குத் தவணை போகும். ஜீவனாம்ச வழக்குக்கு மடுல்கலையிலிருந்து கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கு ஒரு தவணை என்பது ஒரு நாள் சம்பளம். அந்த இடத்தில் தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுந்து பேச ஓர் ஆள் வேண்டும். நாங்கள் செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான், பத்திரிகையில் வருகிற வழக்குகள் ஒன்றும் இல்லை.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதென்று 2020 இறுதியில் விதி வெளியானது உங்களுக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. எங்களுக்கும் ஆங்கிலம் வேண்டும், தீர்ப்பறிக்கைகள் பெரும்பாலும் அதில்தான். றம்புக்கனைக்கும் பொல்காவலைக்கும் இடையில் அகராதி வைத்துக்கொண்டு வாசித்துப் பழகினோம். ஆனால் வாசல் அந்த ஒரு மொழியில் மட்டும் திறந்திருந்தால், 1997இல் நாங்கள் நால்வரும் உள்ளே போயிருக்க மாட்டோம்.

இப்போது, இந்த உரைக்கு நேரம் கேட்டு வாங்கியதன் காரணத்துக்கு வருகிறோம். சாவடிகள் போய்விட்டன. சட்டக் கல்லூரி புதுக்கடையில்தான் இருக்கிறது, கலஹாவுக்கு விடியமுன் பஸ் வருவது இன்றும் நிச்சயமில்லை. நமது கல்லூரியிலிருந்து இந்த வருஷம் இரண்டு பிள்ளைகள் தெரிவாகியிருக்கிறார்கள். ஒருத்தியின் தாய் கொழுந்து பறிப்பவர். கொழும்பில் வாடகை அவருடைய சம்பளத்துக்கு எட்டாது. அகதிகள் மாதிரி ரயிலில் மூன்று வருஷம் போய்வந்ததை வீரம் என்று சொல்லி அந்தப் பிள்ளைகளையும் ஏற்றிவிட எங்களுக்கு விருப்பமில்லை.

கொழும்பிலும் அதைச் சுற்றியும் வீடுள்ள பழைய மாணவியரிடம் ஓர் அறை கேட்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள், பூட்டிவைத்திருக்கும் மாடியை நினைத்துப் பாருங்கள். விபரம் எழுதுவதற்கு வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.

அதில் முதல் பெயர் நேற்றே எழுதியாகிவிட்டது. வெள்ளவத்தையில் ஓர் அறை, சாப்பாட்டோடு. எழுதியவள் கலஹாக்காரி. இதோ, ஐந்தாவது வரிசையில் இருக்கிறாள், தன்னைக் காட்ட வேண்டாம் என்று கையசைக்கிறாள். அவளுடைய கதையைச் சொல்ல அனுமதி கேட்டுத்தான் சொன்னோம். அறைக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். பிள்ளை தன் விரிவுரைக் குறிப்புகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டுமாம்.