இரு தடமும் ஒரு குரலும்
(சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திங்கள்தோறும் இவ்வரங்கில் குறளையும் சிலம்பையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். ஸ்டீரியோ ஒலிப்பதிவின் இரு தடங்களுக்கு இடையே நேரும் கட்ட வேறுபாட்டைப் பற்றியும், ஒலி திருத்தும் மென்பொருளைக் கொண்டு அதனைச் சீர் செய்யும் முறையைப் பற்றியும் பேச விழைகின்றோம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளைப் பற்றிய பேச்சே இது.

இந்த எஃகு நகரக் குடியிருப்பில் 1970களிலும் 1980களிலும் கேசட்டு இல்லாத வீடு அரிது. ஊரிலிருந்து வருவோர் முறுக்கும் ஊறுகாயும் கொணர்ந்தது போலவே, பாட்டியின் தாலாட்டையும் தாத்தாவின் வாழ்த்தையும் கேசட்டில் பதிந்து கொணர்ந்தனர். நம் விழாக்களில் நிகழ்ந்த சொற்பொழிவுகளும் கேசட்டுகளிலேயே உள்ளன. அவற்றையெல்லாம் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றும் பணியைச் சங்கம் இப்போது மேற்கொண்டுள்ளது. அப்பணியிலே எதிர்ப்பட்ட இரு இடர்கள்தாம் இவ்வுரைக்குக் காரணம்.

முதலாவது இடர் பழைய கேசட்டில் நேர்ந்தது அன்று. சென்ற ஆண்டு விழாவின் பதிவிலேயே நேர்ந்தது. ஒலிபெருக்கி அமைத்தவர் தந்த கோப்பை உறுப்பினர் அனைவர்க்கும் அனுப்பினோம். கைப்பேசியின் ஒலிப்பெட்டியில் கேட்டவர்கள், “பேச்சே இல்லையே, வெறும் இரைச்சல்தான் கேட்கிறது” என்றனர். ஹெட்போன் அணிந்து கேட்டவர்களோ, “நன்றாகத்தான் கேட்கிறது, ஆயினும் தலைக்குப் பின்னாலிருந்து பேசுவது போல் இருக்கிறது” என்றனர். இரு சாராரும் உண்மையே உரைத்தனர்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. மைக்கு அவ்வதிர்வை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. கணிப்பொறியோ அவ்வேற்ற இறக்கத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. திரையில் அது மேலும் கீழும் வளைந்து செல்லும் கோடாகத் தெரியும். மேலேறிய இடம் முகடு; கீழிறங்கிய இடம் அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை ஒரு முழுச் சுற்று; அதனை 360 பாகை என்று கணக்கிடுவர். இரண்டு அலைகள் ஒரே வேளையில் முகட்டை எட்டினால் அவற்றிடையே கட்ட வேறுபாடு இல்லை. ஒன்று முகட்டில் நிற்கும்போது மற்றொன்று அகட்டில் நிற்குமாயின் வேறுபாடு 180 பாகை.

ஊஞ்சலை இருவர் ஒரே பக்கம் நின்று ஒரே தாளத்தில் தள்ளினால் அது ஓங்கி ஆடும். இருவரும் எதிரெதிரே நின்று ஒரே கணத்தில் ஒரே வலிமையோடு தள்ளினாலோ அசையாது நிற்கும். ஒலியும் அவ்வாறே. சம வலிமையுள்ள இரு தடங்களைக் கூட்டும்போது, வேறுபாடு இல்லையேல் வீச்சு 2 மடங்காகிறது. 90 பாகை வேறுபாட்டில் 1.41 மடங்கு. 120 பாகையில் ஒரு தடத்தின் அளவே எஞ்சுகிறது. 180 பாகையில் ஒன்றுமே எஞ்சுவதில்லை. ஒரே ஒலிப்பெட்டி உள்ள கைப்பேசி இரு தடங்களையும் கூட்டித்தான் ஒலிக்கும். ஹெட்போனிலோ இடத்தடம் இடச் செவிக்கும் வலத்தடம் வலச் செவிக்கும் தனித்தனியே செல்வதால் கூட்டலுக்கு இடமில்லை. ஆதலால் ஹெட்போனில் குரல் பிழைத்தது, கைப்பேசியில் மறைந்தது.

ஒரே பேச்சு இரு தடங்களிலும் எதிரெதிராகப் பதிவானது எங்ஙனம்? மேடையின் நீண்ட கம்பிகளில் இரைச்சல் புகாதிருக்க, ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் மற்றொரு கம்பியில் தலைகீழாகவும் அனுப்பும் முறை ஒன்று உண்டு. பெறும் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். வழியில் புகுந்த இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே மாதிரியாக இருப்பதால் கழிந்துபோகும், பேச்சு இரட்டிக்கும். இத்தகைய இணைப்பைப் பொருந்தாத செருகி வழியாக ஸ்டீரியோப் பதிவுக் கருவியில் மாட்டினால், அக்கருவி இரு கம்பிகளையும் இடம், வலம் என்று எண்ணிப் பதிந்துவிடும். நமக்கு நேர்ந்தது இதுவே.

இதற்கு மருந்து எளிது. ஆடாசிட்டி என்னும் மென்பொருளை நாம் பயன்படுத்துகின்றோம். 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகிய இருவர் தொடங்கி, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது, விலையின்றிக் கிடைப்பது. அதில் ஸ்டீரியோப் பதிவை இரு தனித் தடங்களாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தெரிவு செய்து, ‘இன்வர்ட்’ என்னும் கட்டளையை இட வேண்டும். முகடெல்லாம் அகடாகும், அகடெல்லாம் முகடாகும். விழாப் பேச்சு முழுவதும் ஒரு நொடியில் மீண்டுவிட்டது. ஒலிபெருக்கிக்காரரைக் கடிந்துகொள்ள ஆயத்தமாக இருந்த நண்பர் ஒருவர்க்குத்தான் சிறிது ஏமாற்றம்.

இரண்டாவது இடர் இத்துணை எளிதன்று. அதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

கேசட்டு நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963-இல் இதனை வெளியிட்டனர். இடத்தடத்தையும் வலத்தடத்தையும் அருகருகே வைத்தது அவர்களுடைய அமைப்பின் நுட்பம். ஒற்றைத் தடப் பதிவு அவ்விரண்டின் இடத்தையும் சேர்த்து நிரப்பும். ஆகவே பாட்டியின் குரலை ஒற்றை மைக்குள்ள சிறு பெட்டியில் பதிந்திருந்தாலும், அதனை ஸ்டீரியோப் பெட்டியில் ஓட்டினால் இரு தடங்களிலும் அதே குரல் வரும். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருப்பதில்லை.

நாடாவைப் படிக்கும் தலையில் ஒரு நுண்ணிய பிளவு உண்டு. அது நாடா ஓடும் திசைக்கு நேர் குறுக்காக நிற்க வேண்டும். பதிந்த பெட்டியிலோ ஓட்டும் பெட்டியிலோ அப்பிளவு இம்மியளவு சாய்ந்திருந்தாலும், ஒரு தடம் முந்தியும் மற்றொரு தடம் பிந்தியும் படிக்கப்படும். இம்மியென்பது எவ்வளவு? 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை நாடாவின்மேல் 4.76 மைக்ரோமீட்டர் நீளமே உடையது. அஃதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஐந்து பங்குக்கும் குறைவு. அதில் பாதி விலகினாலே 180 பாகை. இரு தடங்களின் நடுவிடங்கள் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் தள்ளியிருப்பதால், தலை 0.15 பாகை சாய்ந்தாலே அவ்விலகல் நேர்ந்துவிடும். கண்ணால் காண இயலாத சாய்வு அது. காலக் கணக்கில் ஒரு நொடியின் 20,000-இல் ஒரு பங்கு.

அந்நிலையில் இரு தடங்களையும் கூட்டி ஒன்றாக்கினால், 10,000 ஹெர்ட்ஸை அடுத்த ஒலிகள் மடிகின்றன. 5,000 ஹெர்ட்ஸில் வேறுபாடு 90 பாகையாக இருப்பதால் அங்கே ஒலி சற்றுத் தளர்கிறது. 1,000 ஹெர்ட்ஸில் 18 பாகைதான். செவிக்கு ஒன்றும் தெரியாது. 100 ஹெர்ட்ஸில் 2 பாகையும் இல்லை. சாய்வு இன்னும் மிகுமாயின் மடியும் ஒலிகள் கீழ்நோக்கி இறங்கி வரும். உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ‘சொல்’, ‘செய்தி’ என்னும்போது சகரம் எழுப்பும் உரசொலியின் வலிமையோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது. அது தேய்கிறது. குரல் இருக்கும், சொல் இராது. கம்பளிக்குள் வாயை மூடிக்கொண்டு பேசுவது போலக் கேட்கும்.

நம் குடியிருப்பில் ஓர் அம்மையார், மறைந்த தம் அன்னையின் குரல் பதிந்த கேசட்டை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்துக் கோப்பாக்கினார். கடையார் இரு தடங்களையும் சீர் செய்யாமலே கூட்டி ஒன்றாக்கிக் கொடுத்தனர். கேசட்டுக்கு இனி வேலையில்லை என்றெண்ணி, வீட்டார் அதனைக் கபாடிக்காரரிடம் பழைய செய்தித்தாளோடு சேர்த்துப் போட்டுவிட்டனர். அக்கோப்பைச் சங்கத்திற்குக் கொணர்ந்தபோது, நம்மால் செய்யக்கூடியது மிகச் சிலவே. மென்பொருளில் உயர் அதிர்வெண்களைத் தூக்கிப் பார்த்தோம். நாடாவின் இரைச்சல் உயர்ந்ததே அன்றிச் சொற்கள் தெளியவில்லை. கூட்டலில் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட ஒலி அக்கோப்பில் எங்கும் இல்லை. தடங்கள் இரண்டாக இருக்கும் வரையில் திருத்தலாம். ஒன்றாகிவிட்ட பின்னர்ப் பிரிக்க வழியில்லை. இவ்வுரையில் நாம் அழுத்திக் கூற விரும்புவது இஃதொன்றே.

சீர் செய்வது எப்படி என்பதையும் கூறுவோம். முதல் மருத்துவம் மென்பொருளில் இல்லை, திருகாணியில் இருக்கிறது. பெட்டியின் தலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை நாடா ஓடும்போதே மெல்லத் திருப்பி, இரு தடங்களையும் கூட்டிக் கேட்டுக்கொண்டே, உரசொலிகள் மிகத் தெளிவாக எழும் இடத்தில் நிறுத்த வேண்டும். சாய்வினால் ஒவ்வொரு தடத்துக்குள்ளும் ஓரளவு ஒலி தேய்வதுண்டு. அதனை எந்த மென்பொருளும் ஈடு செய்யாது. எஞ்சிய சிறு விலகலைத்தான் கணிப்பொறியிடம் விட வேண்டும்.

கணிப்பொறியில் பதியும்போது இரு தடங்களாகவே பதிக. நொடிக்கு 44,100 அளவைகள் என்னும்போது ஓர் அளவைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 22.7 மைக்ரோ நொடி. நம் விலகலோ 50 மைக்ரோ நொடி. இரண்டு அளவைகளுக்குச் சற்று மேல். ஆகவே 96,000 அளவைகளாகப் பதிந்தால் நகர்த்துவதற்கு நுண்மை கிடைக்கும். பின்னர்க் கூர்மையான ஓர் ஒலியைத் தேடுக: கைதட்டல், சாலராவின் அடி, மைக்கைத் தட்டிப் பார்த்த ஓசை. பழைய பதிவுகளில் இம்மூன்றாவது தவறாமல் கிடைக்கும். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று தொடங்காத விழா நம்மிடம் ஏது? அவ்விடத்தைத் திரையில் பெரிதாக்கினால் அளவைப் புள்ளிகள் தனித்தனியே தெரியும். ஒரு தடத்தின் முகடு மற்றதைவிட எத்தனை புள்ளி பிந்தியுள்ளது என்று எண்ணி, அத்தனை புள்ளி அதனை முன்னே நகர்த்த வேண்டும்.

நகர்த்தியது சரிதானா என்று அறிய ஓர் அழகிய வழி உண்டு. ஒரு தடத்தைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டிக் கேட்க வேண்டும். முதல் இடரில் நம் விழாப் பேச்சை விழுங்கிய அதே செயல் இங்கே துலாக்கோல் ஆகிறது. குரல் முழுதும் மறைந்து நாடாவின் இரைச்சல் மட்டும் எஞ்சினால் இரு தடங்களும் பொருந்திவிட்டன. ‘ஸ், ஸ்’ என்று உரசொலிகள் எஞ்சினால் இன்னும் சிறிது நகர்த்த வேண்டும். பொருந்திய பின்னர், தலைகீழாக்கியதை மறவாமல் நேராக்கிக் கூட்டுக. குரல் இரட்டிக்கும்; இரு தடங்களின் இரைச்சல் ஒன்றுக்கொன்று தொடர்பற்றதாகையால் 1.41 மடங்கே வளரும். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டுவதன் ஆதாயம் இது. நாடா நெளிந்து ஓடி விலகல் இடத்திற்கு இடம் மாறுமாயின், இம்முயற்சியை விட்டுவிட்டுத் தெளிவான ஒரு தடத்தை மட்டும் கொள்வதே மேல்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு சொல். தலைகீழாக்குவதும் காலத்தில் நகர்த்துவதும் ஒன்றல்ல. தலைகீழாக்கினால் எல்லா அதிர்வெண்களும் 180 பாகை மாறியது போலாகும். நகர்த்தினாலோ அதிர்வெண்ணுக்கு ஏற்ப வெவ்வேறு பாகை மாறும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராக 90 பாகை திருப்புவது மூன்றாவது வகை. அதற்கு ஹில்பர்ட் உருமாற்றம் என்னும் கணக்கு வேண்டும். 1970களில் வந்த டால்பி ஸ்டீரியோத் திரைப்படங்களில், பின்புற ஒலியை இரு தடங்களுக்குள் அடக்கி வைக்க அத்தகைய திருப்பம் பயன்பட்டது. நம் கேசட்டுக்கு அதனால் பயனில்லை.

பழைய ஒற்றைக் குரலை ‘அகலமாக’ ஒலிக்கச் செய்ய, வேண்டுமென்றே ஒரு தடத்தைப் பிந்தச் செய்வோரும் உளர். 1961 முதல் அமெரிக்காவின் கேப்பிட்டல் நிறுவனத்தார், ஒற்றைத் தடப் பாட்டுகளை ‘டியூயோபோனிக்’ என்னும் பெயரில் இவ்வாறு போலி ஸ்டீரியோவாக்கி விற்றனர். ஒரு தடத்தை ஆயிரத்தில் ஒரு நொடி பிந்தச் செய்து பின் கூட்டினால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பற்களுக்கு இடையே உள்ள வெளி போல ஒலி அறுந்துபோகும். கேட்பவர் கைப்பேசியில்தான் கேட்பார் என்பதை நினைவிற் கொண்டால், இவ்வாசை தோன்றாது.

இனிச் செய்தி. ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் படிப்பகத்தில் கேசட்டுகளைப் பெற்றுக்கொள்கின்றோம். வேறிடத்தில் கோப்பாக்கியவர்களும் கேசட்டை எறியாமல் கொணர்க. கோப்பு ஒற்றைத் தடமா, இரு தடமா என்று பார்த்துச் சொல்வோம். சீர் செய்த கோப்போடு, சீர் செய்யாத இரு தடக் கோப்பையும் தனியே வைத்திருப்போம். உறையின்மேல் யாருடைய குரல், எந்த ஆண்டு என்று எழுதித் தாருங்கள். பாட்டியின் குரலாயின் பாட்டியின் பெயரையும் எழுதுக. ‘பாட்டி’ என்று மட்டும் எழுதிய கேசட்டுகள் இதற்குள் பதினொன்று சேர்ந்துவிட்டன.