பிறவி இருதயக் குறையும் பிற்காலத் துடிப்புக் கோளாறும்
(சங்க ஆண்டு விழாவில் மருத்துவக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



நாடகத்திற்காகக் காத்திருக்கும் உங்கள் முன்னே இருதய நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொறுத்தருள்க, நீட்டமாட்டோம்.

சென்ற குளிர்காலத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அலுவலகப் படியேறுகையில் மயங்கி வீழ்ந்தார். இருதயத்தின் கீழறை நிமிடத்திற்கு 200 தடவைக்கு மேல் துடிப்பதை ஈ.சி.ஜி. காட்டிற்று. மின்னதிர்ச்சி கொடுத்து அடக்கினார்கள். மார்பின் நடுவே நீண்ட தழும்பு இருந்தது. என்ன அறுவை என்று மருத்துவர் வினவ, "சிறு வயதில் ஓட்டையை அடைத்தார்களாம்" என்பதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை, மனைவியாருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்த அன்னையார் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவிச் சீட்டைக் கண்டெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அது வெறும் ஓட்டையன்று, ஃபாலோ நாற்குறை.

கீழறைகளுக்கிடையே துளை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் குறுக்கம், துளையின் மேல் சாய்ந்த மகாதமனி, தடித்த வலக் கீழறை ஆகிய நான்கும் கூடியது அக்குறை. குழந்தை நீலம் பாரித்துவிடும். 1944ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஹெலன் டாசிக் அம்மையாரின் யோசனையை, விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய முறைப்படி, ஆல்ஃபிரட் பிளாலக் நிறைவேற்றினார். அது குருதிக்கு மாற்றுவழி மட்டுமே. குறையையே சீர்செய்யும் அறுவை 1954இல் மின்னசோட்டாவில் லில்லெஹையின் கையால் நடந்தது. அதன் பயனாகப் பிழைத்த குழந்தைகள் வளர்ந்தார்கள். இன்று மேனாடுகளில் பிறவி இருதயக் குறையுடையோருள் சிறுவரைவிடப் பெரியவர்களே மிகுதி.

அறுவை பலித்த பின்னர்த் துடிப்பு ஏன் தவறவேண்டும்? மேலறையில் பிறக்கும் மின்னோட்டம் தசைவழியே பரவியே இருதயம் சுருங்குகிறது. தைத்த இடத்தில் விளையும் தழும்பு மின்னைக் கடத்தாது. ஆற்று நடுவே பாறை நின்றால் நீர் சுழிப்பதுபோல, ஓட்டம் தழும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால் துடிப்பு தறிகெடும். வால்வு கசிந்து ஆண்டுக்கணக்கில் அறை விரிந்தால் இடர் மேலும் பெருகும். ஆதலின் துடிப்பை மட்டும் பார்த்துக் கசிவை விட்டுவிடுதல் பாதி வைத்தியமே. மேலறைத் துளையை வயது சென்றபின் அடைத்துக்கொண்டவர்க்கு மேலறையிலே படபடப்பு வருவதுண்டு. அங்கே குருதி உறைந்து மூளைக்கு ஏறினால் பக்கவாதம். சிலருக்கோ துடிப்பு தளர்ந்து பேஸ்மேக்கர் தேவைப்படும். கீழறைக் கோளாறு திடீர் மரணத்திற்கும் இட்டுச்செல்லக்கூடும்.

அச்சுறுத்த இதனைக் கூறவில்லை. அறுவை செய்துகொண்ட பலர் வேலை பார்த்து, மக்களைப் பெற்று, நன்றாகவே வாழ்கின்றனர். தொடைச் சிரையின் வழியே குழாய் செலுத்திச் சுழலும் பாதையைச் சுட்டு அடைக்கும் முறை உண்டு. ஆபத்தான துடிப்பைத் தானே உணர்ந்து அதிர்ச்சி தரும் கருவி உண்டு. நாம் சொன்ன இளைஞர் அக்கருவியுடன் அலுவலகம் சென்றுவருகிறார். மயக்கத்தைப் பித்தம் என்றும் படபடப்பை வாயு என்றும் கைவைத்தியம் பார்ப்பதுதான் கூடாது. ஒரு நாள் முழுதும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்தால் பல வேளை உண்மை வெளிப்படும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பெண்ணின் தழும்பை மணப்பேச்சில் மறைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. காரணம் எங்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் அவள் கருவுறும்போது இருதயத்தின் சுமை பெருகும். அப்போது மருத்துவரிடமும் மறைத்தால் இரண்டு உயிருக்குக் கேடு.

ஊரை விட்டு வந்த நாம் பத்திரங்களைக் கொண்டுவந்தோம், பாத்திரங்களைக் கொண்டுவந்தோம். மருத்துவச் சீட்டுகளை விட்டு வந்தோம். வேலூரிலோ சென்னையிலோ செய்த அறுவையின் குறிப்பை ஊரிலிருந்து வரவழையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணிமுதல் சங்க நூலகத்தில் அவற்றிற்குப் படியெடுத்துத் தருவோம். ஒரு படி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று அவரவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.