சணல் சாக்கும் சந்தைப் போட்டியும்



போட்டி பெருகினால் தரம் உயரும், விலை குறையும், அனைவரும் பயனடைவர் என்பது முதலாளித்துவப் பொருளியலின் முதற்பாடம். பேக்கேஜிங் தொழிலில் அப்பாடம் எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு ஹூக்ளி நதிக்கரையின் சணல் ஆலைகளே சான்று.

1855இல் ரிஷ்ராவில் முதல் ஆலை எழுந்தது. ஆலைகள் பெருகிப் போட்டி முற்றியபோது முதலாளிகள் செய்தது என்ன? 1884இல் சங்கம் அமைத்தனர். 1886இல் வேலை நாள்களைக் குறைத்து, உற்பத்தியைச் சுருக்கி, விலையைக் காத்துக்கொள்ள உடன்படிக்கை செய்தனர். போட்டியைப் போற்றிய மூலதனம், தன் லாபத்திற்குக் கேடு வந்தவுடன் அதனைக் கைவிட்டது.

1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவிலும், சணல் விளைந்த நிலங்களின் பெரும்பகுதி கிழக்கு வங்கத்திலும் நின்றன. அதன்பின் பெட்ரோலியத்திலிருந்து பிறந்த பிளாஸ்டிக் சாக்கு, எடை குறைவு, விலை குறைவு என்ற இரு வலிமைகளோடு சந்தைக்கு வந்தது. சிமெண்டும் உரமும் அதன் பக்கம் சென்றன. சணலைத் தாங்கி நிற்பது 1987ஆம் ஆண்டின் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டமே. அதன்கீழ், அண்மை ஆண்டுகளின் ஆணைகள் உணவுதானியம் முழுவதையும், சர்க்கரையில் 20 விழுக்காட்டையும் சணலுக்கு ஒதுக்குகின்றன. இன்று சாக்குகளின் முதன்மை வாடிக்கையாளர் அரசே.

இப்பாதுகாப்பைப் பெற்ற முதலாளிகள் பலர் பழைய தறிகளைப் புதுப்பிக்கவில்லை. மாற்றுப் பொருள்களில் முதலிடவுமில்லை. செலவைக் குறைக்க அவர்கள் கண்ட எளிய வழி தொழிலாளியின் கூலியே. நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெற்ற இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி அமர்த்தப்பட்டார். பணிக்கொடை நிலுவையில் நின்றது. ஆர்டர் குறைந்தால் ஆலைக் கதவு மூடப்பட்டது.

2021இல் கச்சாச் சணலுக்குக் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என ஒன்றிய அரசு உச்சவரம்பு விதித்தது. அவ்விலையில் சரக்குக் கிடைக்கவில்லையென்று கூறி ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2022 மே மாதத்தில் வரம்பு நீக்கப்பட்டது. சாக்குத் தட்டுப்பாடோ பிளாஸ்டிக்கிற்குத் தளர்வு வழங்கக் காரணமாயிற்று. இங்ஙனம் சணல் முதலாளியின் உத்தியும் பிளாஸ்டிக் முதலாளியின் வளர்ச்சியும் ஒரே தொழிலாளியின் தோளில் இறங்குகின்றன.

ஆகவே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காப்பது முதற்கடமை, அதுமட்டும் போதாது. அரசின் ஆர்டரைப் பெறும் ஆலை நிரந்தர வேலையையும் சட்டபூர்வக் கூலியையும் உறுதிசெய்ய வேண்டும். இந்தியச் சணல் கழகம் ஆதரவு விலையில் உழவரிடம் நேரடியாகவும் போதிய அளவிலும் கொள்முதல் செய்ய வேண்டும். மக்கள் பணத்தால் காக்கப்படும் தொழில், அதில் உழைப்போரைக் காக்கும் தொழிலாகவும் இருத்தல் வேண்டும்.