மீண்டும் எழுதுவோம்

ஆசிரியர் தகுதித் தேர்வில் ஒருமுறை தவறியதும் “நமக்கு வராது” என்று நூலை மூடிவிட்டு, விசைத்தறிக்கும் லாரிப் பட்டறைக்கும் சென்ற நம் பிள்ளைகளை நாம் கண்டுள்ளோம். 2012 ஜூலைத் தேர்வை ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியோர் 2,448 பேரே. ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்கள்! அக்டோபர் மறுதேர்வில் மூன்று மணி நேரம் அளித்தனர், பல்லாயிரவர் தேறினர். மூன்றே மாதங்களில் அவர்தம் அறிவா மாறிற்று?

ஆகவே, தோல்வியை நம் பிறவிக் குறையெனக் கொள்ளற்க. கடிகாரத்தை எதிரில் வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதிப் பழகுக. தனியே அஞ்சாது, நால்வராய்க் கூடிப் பயில்க. இரவில் உறங்குக.

உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் இலண்டன் படிப்பை இடையில் விட்டுவந்த அண்ணல் அம்பேத்கர், 1920இல் மீண்டும் சென்று, 1922இல் பாரிஸ்டரானார். நாமும் மீண்டும் எழுதுவோம்.